வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த சிம்: ரோமிங்கா, உள்ளூர் ப்ரீபெய்டா, பயண இ-சிம்மா?

வெளிநாடு கிளம்புகிறவர்கள் சிம் விஷயத்தில் முதலில் பார்ப்பது ஒரு ஜிபி எங்கே மலிவு என்பதை. அது கடைசியாகப் போட வேண்டிய கணக்கு. பயணத்தின் நடுவில் ஆளைத் திண்டாட வைப்பவை வேறு: கார்டில் பணம் கட்டும்போது வந்து சேராத ஓடிபி, டாக்ஸி ஓட்டுநர் கூப்பிட்டால் கிடைக்காத எண், கவுன்ட்டரில் காசு கொடுத்து வாங்கிய சிம்மை ஏற்க மறுக்கும் போன். ஆகவே கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வந்தே ஆக வேண்டுமா? போகிற இடத்தில் உள்ளூர் எண் தேவைப்படுமா? எத்தனை நாள், எத்தனை நாடு? விலை அதற்குப் பிறகு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று நாள் போய்வருவது, அதிலும் அலுவலக வேலை என்றால் ஊர் சிம்மிலேயே ஒரு ரோமிங் பேக். ஒரு வாரம் பத்து நாள் சுற்றுலா, அல்லது ஒரே பயணத்தில் மூன்று நான்கு நாடுகள் என்றால் பயண இ-சிம், அதாவது பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம். ஒரே நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கல், வீடு தேட வேண்டும், அங்குள்ள அலுவலகங்களோடும் கடைகளோடும் பேச வேண்டும் என்றால் உள்ளூர் ப்ரீபெய்டு சிம். கடைசி இரண்டில் எதை எடுத்தாலும் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போடாமல், டேட்டாவை மட்டும் அணைத்துப் போனிலேயே உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்த முடிவு எங்கெங்கே மாறும் என்பதுதான் மீதிக் கட்டுரை.

போன் ஒத்துழைக்குமா?

பல நாடுகளில் தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய போன், விற்ற நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கும். பூட்டிய போனில் வேறு நிறுவனத்தின் சிம்மும் ஓடாது, இ-சிம்மும் ஓடாது. ரோமிங் ஒன்றுதான் வழி. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் நம்பகமான சோதனை, தெரிந்தவர் ஒருவரின் வேறு நிறுவன சிம்மை வாங்கி ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பதுதான். பூட்டைத் திறந்து தரச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டால் சில நாள் ஆகும். விமானம் ஏறும் அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது இ-சிம் வசதி. *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண்களோடு (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) 32 இலக்கத்தில் ஈஐடி என்றொரு எண்ணும் தெரிந்தால் போனில் இ-சிம் உண்டு. ஐபோன்களில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இருக்கிறது. ஆனால் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது; எந்த நாட்டில் விற்ற போன் என்பதும் முக்கியம். சீனாவில் விற்ற பெரும்பாலான ஐபோன்களில் இ-சிம் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு நானோ சிம் போடலாம். அமெரிக்காவிலோ 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டே இல்லாமல் விற்கிறார்கள். அந்தப் போனை வைத்துக்கொண்டு கடையில் பிளாஸ்டிக் சிம் வாங்கினால் அதைச் செருக இடமில்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வோல்ட்இ. 3ஜி நெட்வொர்க் அமெரிக்காவில் 2022-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் அணைக்கப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட நாடுகளில் குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்குப் பெயர்தான் வோல்ட்இ. போன் அங்குள்ள நிறுவனத்தின் வோல்ட்இ முறைக்கு ஒத்துவராவிட்டால் இணையம் நன்றாக ஓடும், கால் மட்டும் போகாது. ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேல்: வோல்ட்இ வழியாக அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. நல்ல போன் தொலைந்துவிடும் என்று பயந்து, வீட்டில் கிடக்கும் பழைய போனை எடுத்துப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ரோமிங்

ரோமிங்கின் ஒரே பெரிய நன்மை, எதையும் மாற்ற வேண்டாம் என்பது. அதே எண், அதே சிம். இறங்கியதும் விமானப் பயன்முறையை அணைத்தால் வேலை முடிந்தது. ஒரு ஜிபிக்குக் கொடுக்கும் காசு மற்ற வழிகளைவிடக் கூடுதல் என்றாலும், மூன்று நாளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இராது.

ஆனால் ப்ரீபெய்டு சிம்மில் ரோமிங் தானாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல நிறுவனங்கள் கேட்டால்தான் திறந்துவிடுகின்றன. சிலவற்றில் ஊர் நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டுமே திறக்க முடியும். தரை இறங்கிய பிறகு 'நோ சர்வீஸ்' என்று காட்டும் போனிலிருந்து எப்படிக் கேட்பது? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பேக் போட்டு, 'இன்டர்நேஷனல் ரோமிங் இயங்குகிறது' என்ற எஸ்எம்எஸ் வந்ததைப் பார்த்துவிட வேண்டும்.

பேக்கின் 'ஒரு நாள்' என்பதையும் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். சில பேக்குகளில் அது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் ஊர் நேரப்படி நள்ளிரவோடு முடிந்துவிடும். ஊரில் நள்ளிரவு ஆகும்போது போன இடத்தில் பிற்பகல் இரண்டு மணி என்றால், ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நாளின் கட்டணம் ஏறும்.

பேக்கில் அடங்கும் நாடுகளின் பட்டியலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஐரோப்பா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஓர் உறுப்பு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் நியாயமான அளவுக்குக் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய நாடுகளும் இதில் சேர்த்தி. சுவிட்சர்லாந்து சேர்த்தி இல்லை. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இந்த விதிக்கு வெளியே போய்விட்டது. ஜெனீவாவை ஒட்டிய பிரெஞ்சு ஊர்களில் இருந்தால், நீங்கள் நகராமலேயே போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும். எல்லை ஊர்களில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' என்பதிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டிய நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். எல்லை தாண்டியதும் மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்ற மறந்தால் சிக்னலே வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விமானத்துக்குள்ளும் பயணக் கப்பலிலும் தெரியும் நெட்வொர்க் எந்த நாட்டுடையதும் அல்ல. செயற்கைக்கோள் வழியாகப் போகும் அதற்குத் தனிக் கட்டணம். சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதைத் தொடாது. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் விமானப் பயன்முறைக்குப் போய்விடுவது உத்தமம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு வாய்ஸ்மெயில். 'எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு' என்ற ஏற்பாடு ஊர் எண்ணில் இருந்தால், வரும் அழைப்பு முதலில் நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வருகிறது. நீங்கள் எடுக்காததால் திரும்ப ஊருக்கே போகிறது. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு கால்களுக்குக் கட்டணம் விழலாம். கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

உள்ளூர் ப்ரீபெய்டு சிம்

நீண்ட தங்கலுக்கு இதை அடிக்க வேறு வழியில்லை. டேட்டா மலிவு, உள்ளூர் எண் கிடைக்கும், உள்ளூர் சந்தாதாரர் என்பதால் நெட்வொர்க்கிலும் முழு வேகம். பார்சல் கொண்டுவருகிறவர், வீட்டுத் தரகர், மருத்துவமனை வரவேற்பு, டாக்ஸி ஓட்டுநர் யாருமே வெளிநாட்டு எண்ணைக் கூப்பிட மாட்டார்கள். சில நாடுகளில் உணவு, டாக்ஸி செயலிகளில் கணக்குத் தொடங்கவே உள்ளூர் எண் வேண்டும்.

எங்கே வாங்குவது? விமான நிலையக் கவுன்ட்டரில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான பேக் மட்டுமே வைத்திருப்பார்கள். நகரத்துக்குள் அதே நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போனால் உள்ளூர்வாசிகள் போடும் சாதாரண பேக் கிடைக்கும். இரவு நேரத்தில் இறங்குகிறவர், ஹோட்டலுக்குப் போகவே வரைபடம் வேண்டியவர், விமான நிலையத்தில் வாங்குவதில் தவறில்லை. காலையில் இறங்கி, விமான நிலைய வைஃபையில் டாக்ஸி பிடித்துப் போய்விட முடியும் என்றால் நகரத்துக் கடைதான் நல்லது. தெருவோரம் 'ஆக்டிவேட் பண்ணியே இருக்கு, பாஸ்போர்ட் வேண்டாம்' என்று நீட்டும் சிம்மை மட்டும் தொடாதீர்கள். அது வேறு யார் பெயரிலோ பதிந்த சிம். பதிவுச் சரிபார்ப்பு வரும் நாளில் செத்துப்போகும். அந்த எண்ணில் முன்பு நடந்ததற்கு நீங்கள் பதில் சொல்லும் நிலையும் வரலாம்.

பதிவு விதி நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் பாஸ்போர்ட் இல்லாமல் நடக்காது. சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டு சிம்தான். பிரிட்டனில் எந்த ஆவணமும் கேட்காமலே சிம்மை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஜப்பானில் குரல் வசதியுள்ள எண்ணுக்கு அடையாள விதிகள் கடுமை என்பதால், பயணிகளுக்கு விற்கும் சிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டும் உள்ளவை. 'உள்ளூர் சிம் வாங்கினால் உள்ளூர் எண்' என்ற கணக்கு அங்கே பலிக்காது. பாஸ்போர்ட் கேட்கும் நாடுகளில் மூலப் பிரதியைக் கேட்பார்கள், போனில் உள்ள படம் செல்லாது. பல இடங்களில் முகத்தையும் படமெடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பொறி ஐஎம்இஐ பதிவு. துருக்கியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனில் துருக்கி சிம் போட்டு 120 நாளுக்கு மேல் ஓட்டினால், போனைக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யாதவரை உள்ளூர் நெட்வொர்க்குகள் தடுத்துவிடும். இந்தோனேசியாவில் பயணிகளுக்கு 90 நாள் சலுகை. முடங்குவது போனும் உள்ளூர் சிம்மும் சேர்ந்த பயன்பாடுதான். ரோமிங் சிம் அதே போனில் தொடர்ந்து ஓடும். ஒரு மாதச் சுற்றுலாவுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு வருடப் படிப்புக்குப் போகிறவருக்கு இது முதல் கேள்வி.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். பணியாளர் சிம்மைப் போட்டு 'ஆயிற்று' என்று நீட்டும்போது போன் பெரும்பாலும் கடையின் வைஃபையிலோ விமான நிலைய வைஃபையிலோ இருக்கும். எல்லாம் ஓடுவதுபோல் தெரியும். வைஃபையை அணையுங்கள். இதுவரை திறக்காத ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். மேலே 4ஜி என்று காட்டியும் பக்கம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஏபிஎன், அதாவது சிம்மை இணையத்தோடு இணைக்கும் அமைப்பு, பதிவாகவில்லை. அந்த நிறுவனத்தின் ஏபிஎன் பெயரை அவரையே தட்டச்சு செய்யச் சொல்லி, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அடுத்து, அவருடைய போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து எண் சரிதானா என்று பாருங்கள். பேக் எப்போது முடிகிறது என்று நாள், நேரத்தோடு எழுதி வாங்குங்கள்; '30 நாள்' என்பது வாங்கிய நாளையும் சேர்த்தா என்பது இடத்துக்கு இடம் மாறும். சிம் ஒட்டியிருந்த அட்டையைக் குப்பையில் போடாமல் படமெடுத்து வையுங்கள். அதில்தான் பின் எண்ணும், பூட்டிய சிம்மைத் திறக்கும் பக் எண்ணும் இருக்கும். பல ஐரோப்பிய சிம்கள் போனை அணைத்துப் போட்டதும் பின் கேட்கும். மூன்று முறை தவறினால் பக் கேட்கும். பக்கைப் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு புது சிம்தான்.

உள்ளூர் சிம்மில் அதிகம் கேட்கும் புகார், 'ரீசார்ஜ் செய்த பணம் ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது' என்பது. காரணம் எளிது. பல நாடுகளில் ரீசார்ஜ் என்பது முதலில் வெறும் பேலன்ஸ். அந்தப் பேலன்ஸிலிருந்து டேட்டா பேக்கைத் தனியாக வாங்க வேண்டும். பேக் ஏறுவதற்கு முன் மொபைல் டேட்டாவைத் திறந்துவைத்தால், பின்னணியில் ஓடும் புகைப்பட பேக்கப்பும் செயலிப் புதுப்பிப்பும் பேக் இல்லாத விலையில் பேலன்ஸைத் தின்றுவிடும். பேக் இயங்குகிறது என்ற எஸ்எம்எஸ் வரும்வரை டேட்டாவை அணைத்தே வைத்திருங்கள். பேக் முடிந்த பிறகும் இதே கதைதான். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் பேலன்ஸும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

மறு ரீசார்ஜுக்கு நிறுவனத்தின் செயலியில் வெளிநாட்டுக் கார்டு பல நேரம் ஏறாது. கடையில் ரொக்கமாகக் கட்டும் வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பயணிகளுக்கான சில சிம்களை நீட்டிக்கவே முடியாது, நாள் முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்பதும் கேட்டால்தான் தெரியும்.

பயண இ-சிம்

இது உண்மையில் என்ன என்று புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பயண இ-சிம் என்பது ஏதோ ஒரு மூன்றாம் நாட்டு நிறுவனத்தின் சிம்; நீங்கள் போகும் நாட்டில் அது ரோமிங்கில் ஓடுகிறது. மொத்த விலையில் வாங்கிய ரோமிங் டேட்டாவைச் சில்லறையாக நமக்கு விற்கிறார்கள். அதனால்தான் இந்த இ-சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' பொத்தானை இயக்கியே ஆக வேண்டும். ரோமிங் என்ற சொல்லுக்குப் பயந்து அதை அணைத்து வைத்துவிட்டு, 'இ-சிம் வேலை செய்யவில்லை' என்று வாடிக்கையாளர் சேவையைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அணைக்க வேண்டியது ஊர் சிம்மின் டேட்டா ரோமிங்கை. இயக்க வேண்டியது இ-சிம்முடையதை.

அதே காரணத்தால் இணையத்துக்கு உங்கள் இருப்பிடம் வேறு நாடாகத் தெரியலாம். டேட்டா அந்த மூன்றாம் நாடு வரை போய்த் திரும்புவதால் வீடியோ காலில் லேசான தாமதம் இருக்கும், சில வங்கிச் செயலிகள் சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டும். சீனாவில் மட்டும் இந்தக் குறையே நிறை. அங்கே உள்ளூர் சிம்மில் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. ரோமிங்கிலும் வெளிநாட்டு இ-சிம்மிலும் டேட்டா வெளியே போய் அங்கிருந்து இணையத்தைத் தொடுவதால் பெரும்பாலும் திறக்கும். ஆனால் ஹோட்டல் வைஃபைக்கு மாறினால் பழையபடி தடை.

நிறுவும் முறை: கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டு வைஃபையில் இருந்தபடி, வந்த கியூஆர் குறியீட்டை வேறொரு திரையில் திறந்தோ அச்சிட்டோ ஸ்கேன் செய்ய வேண்டும். மின்னஞ்சல் வந்தது அதே போனுக்குத்தான் என்றால் பல போன்களில் அதைக் கொண்டே ஸ்கேன் செய்ய முடியாமல் போகலாம். அப்போது 'எஸ்எம்-டிபி பிளஸ்' முகவரியையும் (இ-சிம்மைத் தரும் சர்வரின் முகவரி) ஆக்டிவேஷன் கோடையும் கையால் ஒட்டலாம். நிறுவியதும் அந்த லைனுக்குப் 'பயணம்' என்றோ நாட்டின் பெயரையோ வைத்துவிடுங்கள், பிறகு எது எந்த லைன் என்று குழம்பாது. பெரும்பாலான இ-சிம்களில் அங்குள்ள நெட்வொர்க்கைத் தொட்ட பிறகுதான் நாள் கணக்கு தொடங்கும்; சிலவற்றில் நிறுவிய கணமே தொடங்கிவிடும். இதை வாங்கும் பக்கத்திலேயே படித்துவிட வேண்டும். சிக்னல் வரவில்லை என்றால் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள், ஏபிஎன்னைப் பாருங்கள், போனை அணைத்துப் போடுங்கள். ஆனால் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று மட்டும் முயல வேண்டாம். பெரும்பாலான கியூஆர் குறியீடுகள் ஒருமுறைதான் செல்லும். அழித்தால் காசும் போயிற்று.

முன்கூட்டியே நிறுவச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் துருக்கி பல பன்னாட்டு இ-சிம் விற்பனைத் தளங்களை முடக்கியது. உள்ளே போன பிறகு வாங்கலாம் என்று நினைத்தால் தளமே திறக்காது.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் நாளொன்றுக்கு ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வேகத்தை நொடிக்கு 128 கிலோபிட் போன்ற அளவுக்கு இறக்கிவிடுவார்கள். அந்த வேகத்தில் ஒரு எம்பி புகைப்படம் ஒன்று வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். வரைபடம் கட்டம் கட்டமாக நின்று நின்று வரும். டாக்ஸி செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள். லேப்டாப்பில் வேலை செய்ய வேண்டியவருக்கு, அன்லிமிடெட் என்று சொல்லி ஹாட்ஸ்பாட்டைத் தடுக்கும் பேக்கைவிட, வெளிப்படையாக 10 ஜிபி என்று சொல்லும் பேக்கே மேல்.

பயண இ-சிம்மில் பெரும்பாலும் எண் கிடையாது. வாட்ஸ்அப் கால் போகும், உணவகத்தின் தரைவழி எண்ணைக் கூப்பிட முடியாது. பத்து நாள் சுற்றுலாவுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான்.

பாக்கெட் வைஃபை

இது வாடகைக்கு எடுக்கும் சிறிய வைஃபை கருவி; பலர் சேர்ந்து இணையத்தைப் பகிரலாம். குடும்பத்தில் நான்கைந்து பேர், அதில் இரண்டு போன் பழையது என்றால் மட்டுமே இதை யோசிக்கலாம். தினமும் சார்ஜ் செய்ய வேண்டும், எடுத்து வைத்திருப்பவர் பிரிந்து போனால் மற்றவர்களுக்கு இணையம் இல்லை, தொலைத்தால் அபராதம், திரும்பும்போது கொடுக்க வரிசை. இ-சிம் உள்ள ஒரு போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டாலே இதே வேலை நடந்துவிடும்.

இரண்டு லைனையும் சேர்த்து ஓட்டுவது

ஊர் சிம் உயிரோடு, டேட்டா மட்டும் வேறு லைனில் என்ற ஏற்பாடு சொல்ல எளிது. காசு கசிவது சில பொத்தான்களால்.

ஐபோனில் மொபைல் டேட்டாவைப் பயண லைனுக்கு மாற்றினால் மட்டும் போதாது. அதே பக்கத்தில் 'அலவ் செல்லுலர் டேட்டா ஸ்விட்ச்சிங்' என்று ஒன்று இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால், சில சூழ்நிலைகளில் போன் தானாகவே ஊர் சிம்மின் டேட்டாவுக்குத் தாவலாம். புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் தானாக டேட்டா லைனை மாற்றும் பொத்தான் உண்டு. இரண்டிலும் அதை அணைத்து, ஊர் லைனின் டேட்டா ரோமிங்கையும் தனியாக அணைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும்.

ஐபோனில் சிம் மாற்றும்போது ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் தங்களை மறுபடி பதிவு செய்துகொள்ள, நமக்குத் தெரியாமல் ஊர் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது வெளிநாட்டு எஸ்எம்எஸ் கட்டணத்தில் வரும். சிறு தொகைதான், ஆனால் 'நான் எதுவும் அனுப்பவில்லையே' என்ற குழப்பம் இதிலிருந்துதான். வாட்ஸ்அப் புது சிம்மைப் பார்த்து 'எண்ணை மாற்றவா' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து ஓடும், அந்த சிம் போனில் இல்லாவிட்டாலும்கூட.

ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்களில் கட்டணம் இல்லை. வரும் காலை எடுத்தால்தான் கட்டணம். தெரியாத எண்ணை அடித்து ஓய விட்டுவிடலாம். இவ்வளவு செய்தும் ஓடிபி வரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ப்ரீபெய்டு சிம்மில் ரோமிங்கே திறக்கப்படவில்லை. ஊர் சிம்மின் வேலிடிட்டி முடிந்துவிட்டது. அல்லது போன நாட்டில் 2ஜி, 3ஜி இல்லை, உங்கள் நிறுவனத்துக்கோ அங்கே வோல்ட்இ ரோமிங் ஒப்பந்தம் இல்லை. மூன்றாவதை உங்களால் சரி செய்ய முடியாது. அதற்கு ஒரு மாற்று வழி வைஃபை காலிங். ஊரிலேயே அதை இயக்கி வைத்துவிட்டால், நிறுவனம் வெளிநாட்டிலும் அனுமதிக்கும் பட்சத்தில், ஹோட்டல் வைஃபை வழியாகவே எஸ்எம்எஸ் வந்துவிடும். அதைவிடப் பத்திரமானது, கிளம்பும் முன் வங்கிச் செயலியில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாறிக்கொள்வது.

எவ்வளவு டேட்டா?

வரைபடம், செய்தி, டாக்ஸி, கொஞ்சம் தேடல் என்று இருந்தால் நாளுக்கு அரை ஜிபி தாராளம். இணையக் குரல் அழைப்பு ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்பிதான் இழுக்கும். வீடியோ கால் சில நூறு எம்பியைத் தாண்டும். உயர்தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகலாம். எதிர்பாராமல் பேக்கைக் காலி செய்வது, எடுத்த வீடியோக்களை அன்றிரவே மேகச் சேமிப்புக்கு ஏற்றும் பேக்கப். புகைப்பட பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றி, வரைபடத்தையும் மொழிபெயர்ப்பு மொழிகளையும் முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் வாங்க வேண்டிய ஜிபி பாதியாகக் குறையும். பெரிய பேக்கை முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. இ-சிம்மில் டாப்-அப் இரண்டு நிமிட வேலை; வாங்கி மீந்த ஜிபிக்குக் காசு திரும்ப வராது.

திரும்பிய பிறகு

உள்ளூர் எண்ணை வைத்து அங்கே எந்தச் செயலியில் கணக்குத் தொடங்கியிருந்தாலும், சிம் செயலிழப்பதற்கு முன் அந்தக் கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள் அல்லது கணக்கை மூடிவிடுங்கள். ரீசார்ஜ் இல்லாத ப்ரீபெய்டு எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். கணக்குக்குள் நுழையும் ஓடிபி அப்போது அவருக்குத்தான் போகும். அதே நாட்டுக்கு மறுபடி போவதாக இருந்தால் இ-சிம்மை அழிக்காமல் லைனை மட்டும் அணைத்து வைக்கலாம். சில விற்பனையாளர்கள் பழைய இ-சிம்மிலேயே புது பேக் ஏற்றித் தருவார்கள், மறுபடி கியூஆர் ஸ்கேன் செய்யும் வேலை மிச்சம். மொபைல் டேட்டா ஊர் லைனுக்குத் திரும்பியிருக்கிறதா, எல்லையில் கையால் தேர்ந்தெடுத்த நெட்வொர்க் மறுபடி ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் பார்த்துவிடுங்கள்.